முதல் குடம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில் ராயபுரத்தில் எங்கள் சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் வந்தது. திறந்து வைக்க மந்திரியே வருகிறார் என்றார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் மாமா என் அத்தையை அடித்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. எங்களுக்கு அடுத்த வீடு. கொருக்குப்பேட்டைப் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்பாள். அன்று சரக்கு ரயிலுக்காக கேட்டை மூடிவிட்டதால் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய கை. மதுவிலக்கு இருந்த காலத்திலும் திருட்டுத்தனமாகக் குடிக்கிற பழக்கம் உண்டுதான், ஆனால் அன்று ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. அத்தையின் இடக்கண் வீங்கி மூடிக்கொண்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஏட்டு அவளை உட்காரச் சொல்லவில்லை. "புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் சர்க்கார் வருமா? வூட்டுக்குப் போயி சோறாக்கு" என்றார். பேனாவைக்கூடத் திறக்கவில்லை.

குழாய் திறக்கும் நாள் காலையில் அதே ஏட்டு சந்துக்கு வந்தார். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, சாக்கடையைப் பலகை போட்டு மூடியாயிற்று. பாக்கி இருந்தது அத்தைதான். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மந்திரி போற வரிக்கும் உள்ளயே இரும்மா. இந்த மூஞ்சோட வெளிய வராத."

"சரிங்கய்யா" என்றாள் அத்தை.

அவர் போனதும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டினாள். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பா வாசலை மறித்தார்.

"மானம் போவுது, உள்ள போ."

"அடிச்சவன் மானம்தானண்ணா போவும். என்னுது இன்னாத்துக்குப் போவுது?"

அப்பா விலகி நின்றார்.

மந்திரி குழாயைத் திருகினார். முதல் குடம் யாருடையது என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை தன் குடத்தைக் குழாயடியில் வைத்து நிமிர்ந்தாள். மந்திரிக்கு இரண்டடி தூரத்தில் அவள் முகம்.

"கண்ணில் என்னம்மா?" என்றார்.

"என் வூட்டுக்காரு அடிச்சதுங்க. டேஷன்ல போயி சொன்னேன், சோறாக்குன்னாங்க. இன்னிக்கி மூஞ்சியக் காட்டாதன்னாங்க. தண்ணி புடிக்க வராம எப்டிங்க இருக்கறது?"

உரக்கச் சொல்லவில்லை. மீன் விலை சொல்லும் அதே குரல்தான். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. மந்திரி ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தண்ணீரைப் பார்த்தார்.

அன்று மாலையே மாமாவைப் பிடித்துப் போனார்கள். ஏட்டு அவரை வாயை ஊதச் சொன்னதையும், முகர்ந்து பார்த்துத் தலையாட்டியதையும் நான் பார்த்தேன். மூன்று மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தபின் அத்தை மேல் அவர் கை பட்டதில்லை. சந்து முழுக்கத் தெரிந்த விஷயத்தை மறுபடி செய்ய மனிதருக்குத் துணிச்சல் வரவில்லை.

தண்டனை விவரம் தினசரியில் வந்தபோது சலூன்காரர் பேப்பரைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தைக்குப் படிக்க வராது. பெண்கள் சூழ்ந்து நிற்க நான் ஸ்கூலில் படிப்பதுபோல் உரக்கப் படித்தேன். மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ராயபுரத்தைச் சேர்ந்த துறைமுகக் கூலி ஒருவருக்கு மூன்று மாதச் சிறை. குடித்திருந்ததை அவர் ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் செய்தி. பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை மட்டும், "என்னிய அடிச்சது எங்க போட்டுகிது? அத்தப் படி" என்றாள்.

தேடினேன். கீழே தங்கம் விலை இருந்தது. பக்கத்தைத் திருப்பினால் பல்பொடி விளம்பரம். "நாளைக்கிப் போடுவாங்க அத்தை" என்றேன்.

ஒரு வாரம் தினமும் சலூனுக்குப் போய் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துத் தேடினேன். எட்டாம் நாள், எனக்குத்தான் இன்னும் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.