ஃபியட் கண்ணாடியில் ஒரு விரிசல்

எங்கள் தி. நகர் குடியிருப்பில் இரண்டாம் மாடி வெள்ளைத்துரை யாரையும் நம்பமாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால் சொந்தத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். ஆட்டோவில் ஏறியதும் வண்டி எண்ணை மனைவி சரோஜாதேவிக்குப் போனில் சொல்வார், ஓட்டுநர் காதில் விழும்படி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை போட்டு, ஏமாறாமல் பிழைத்த மனிதர் அப்படித்தான் இருப்பார் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

எழுபத்திரண்டாம் வருட ஃபியட் ஒன்று வைத்திருந்தார். அதுதான் அவருக்கு உயிர். போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால், அதன் முன்கண்ணாடியில் குறுக்கே விரிசல். முந்தின நாள் வாட்ச்மேன் தணிகாசலம் கல்லெறிந்து மாங்காய் அடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அவ்வளவுதான், வெள்ளைத்துரைக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கல் கார் பக்கமே வரவில்லை என்று தணிகாசலம் சத்தியம் செய்தும் பலனில்லை. அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி ஒரு கடிதம் தயாரானது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். வீண் வம்பு எதற்கு என்று நானும்தான் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தணிகாசலத்தின் கடைசி நாளன்றுதான் கண்ணாடி மாற்ற யாசிர் என்ற மெக்கானிக் வந்தார். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் எதையாவது கழற்றிவிடுவார்கள் என்பதால் வேலை எங்கள் வாசலிலேயே நடந்தது. வெள்ளைத்துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து யாசிரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கண்ணாடியைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

யாசிர் ரப்பரை நெம்பிக் கண்ணாடியை வெளியே எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“சார், இது கல்லு பட்டது இல்ல. பட்டிருந்தா அந்த எடத்துல குழி விழும். இது ஓரத்துலேர்ந்து ஓடிகீது. பாருங்க, ரப்பருக்கு உள்ள யாரோ அரத்தால ‘வெ’ன்னு கீறி வச்சிகீறாங்க. அங்கதான் ஆரம்பம். வெயில்ல நின்னா ஒருநாள் இல்ல ஒருநாள் விட்டுடும்.”

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சரோஜாதேவிதான் கேட்டார்: “ரெண்டு வருசம் முன்னால பெயிண்ட் அடிக்க விட்டப்போ, கண்ணாடிய மாத்திருவானுவன்னு நீங்கதானங்க அடையாளத்துக்குக் கீறுனீங்க?”

எங்களில் ஒருவரும் தணிகாசலத்தைப் பார்க்கவில்லை.

புதுக் கண்ணாடியைப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ரப்பர் பள்ளத்தில் செருகிய கயிற்றை உள்ளிருந்து ஒருவர் இழுக்க, வெளியே ஒருவர் சீராக அழுத்த வேண்டும். யாசிர் கயிற்று முனையோடு உள்ளே ஏறினார். கேட்டோரம் நின்றிருந்த தணிகாசலம் யாரும் கூப்பிடாமலே வந்து அழுத்தினார். கண்ணாடி சரியாக உட்கார்ந்தது.

“தணிகாசலம், தப்பு எம்மேலதான்” என்றார் வெள்ளைத்துரை. “அந்த லெட்டர நானே கிழிச்சிருதேன். நீரு எங்கயும் போவாண்டாம்.”

“வேணாம் சார். நாளைக்கு இங்க ஒரு செருப்பு காணாமப் போனாலும் அல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பீங்க.”

தணிகாசலம் தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். கேட்டருகே நின்று, பையின் வாயை அகலத் திறந்து எங்கள் பக்கம் காட்டினார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு டிபன் பாக்ஸ்.

“நல்லா பாத்துக்கங்க சார்” என்றார்.