நடுவில் இருநூறு பக்கம்

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு கிளை நூலகத்தில் பழைய பெரிய நாவல் ஒன்றைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். அப்போது நான் கல்லூரி ஆசிரியர். கதாநாயகி கணவனுக்காகக் காத்திருக்கும் நடுப்பகுதி இருநூறு பக்கம் இழுக்கிறது, அதை இருபது பக்கமாகச் சுருக்கினால்தான் நாவல் பிழைக்கும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். பஞ்சாலை வேலை முடிந்து நேராக வந்திருந்ததால் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. தினமும் அங்கே வந்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய மெதுவாகப் படிப்பவர் என்று நூலகர் பிறகு சொன்னார்.

“சுருக்க வேணாம் சார். எங்க வீட்டுக்காரர் இந்தா வாரேன்னு சொல்லிட்டுப் போயி ஒம்பது வருசமாச்சு. அதை யாரு எனக்குச் சுருக்கிக் குடுத்தா?”

“படிக்கிறவங்களுக்குச் சலிக்குமேம்மா” என்றேன்.

“சலிக்கட்டும். அவளுக்கு மட்டும் சலிக்காமயா இருந்துச்சு?”

கூட்டத் தலைவர் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

“அந்த இருநூறு பக்கத்தையும் விடாம படிச்சீங்களா சார்?”

படித்தேன் என்றேன். அது பொய். அவர் என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார்.

“அம்புட்டுத்தான் கேக்கணும்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அந்த வாரமே அந்தப் பக்கங்களை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். பல இடங்களில் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பக்கத்தைக்கூடத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.