ஓய்வு பெற்றவரின் மேஜை

நேற்றோடு எனக்குப் பணி ஓய்வு. இன்று முழுக்க போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அப்பா நினைவு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம். தலைநகரில், கிட்வாய் நகரில் இருந்தோம். அப்பா மத்திய அரசில் பெரிய அதிகாரி. ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடி முடித்ததும், கிளப்பில் அவர் மேஜையைச் சுற்றி நாற்காலி போதாது. அவர் எது சொன்னாலும் சிரிக்க ஆள் இருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற வாரம் நானும் கூடப் போயிருந்தேன். ஆட்டம் முடிந்து அப்பா வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, அவர் பதவிக்கு வந்த புதியவரின் மேஜைக்குப் போனார்கள்.

அப்பா தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அப்போது சுந்தரம் வந்தார். அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர். அதுவரை அந்த மேஜைப் பக்கமே வராதவர். ‘தலைக்கனம்’ என்று அப்பா வீட்டில் சொல்வார்.

“உட்காரலாமா சார்?”

“உட்காருங்க சுந்தரம். ஆனா இனிமே என்னால உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே.”

“அதனாலதான் சார் வந்தேன். முன்னாடியே வந்திருந்தா, ப்ரமோஷனுக்காக வந்தேன்னு நினைச்சிருப்பீங்க.”

அப்பா பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். பிறகு வெயிட்டரைக் கூப்பிட்டு, “பையா, தோ பியர்” என்று இந்தியில் இரண்டு பியர் கேட்டார்.

அப்பா இருந்தவரை ஞாயிறுதோறும் அவரோடு ஆடியவர் சுந்தரம் மாமாதான்.

நான் குடிப்பதில்லை. என்னிடம் எந்த வேலையும் ஆக வேண்டாதவர்கள் தாராளமாக வரலாம், காபி போட்டுத் தருகிறேன்.