சாரல் மழையாகாது

எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் "சாரல் மழையாகாது" என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்தாவது ஆளான நான் போடவில்லை. வானிலை படித்தவர்கள் எழுதிய வரி இல்லை அது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டு தோளில் கிடக்க, ஆளுக்கு எட்டு இட்லி தின்றவர்கள் எழுதியது. அருவியில் குளித்த பசியில் தின்றவனுக்கு உலகத்தில் எந்தத் திட்டமும் நல்ல திட்டமாகத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. தென்காசியில் வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். எங்கள் மகளுக்கு ஏழு வயது, கூடவே மூச்சிழுப்பு. நாங்கள் குடியிருந்த வீட்டின் சுவர் கோடையில்கூட முழுசாகக் காயாது. "மருந்து நான் தருதேன் டீச்சர். காய்ஞ்ச வீட்டை நீங்கதான் தேடணும்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்காகத்தான் சங்கத்தில் சேர்ந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் லட்சியங்கள் இருந்தன. எனக்கு என் பிள்ளை மூச்சு விட்டால் போதும்.

சங்கத் தலைவர் பாலம் கட்டும் வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அண்ணாச்சி. குற்றாலம் சாலையில் வாங்கிய நிலத்தில் முப்பது வீடு கட்டத் திட்டம் போட்டவர் அவர்தான். இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு, குளித்த தண்ணீர் வாழைக்கு, வாசலுக்கு ஒரு வேம்பு, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கதவு. வீட்டுக்கு மூன்று பல்பு, மின்விசிறி கிடையாது. மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு, ஓட்டை ஓட்டையாக வார்த்த சிமெண்ட் ஜாலி. "மலைக்காத்து சும்மா வருது. கரண்டுக்கு எதுக்குக் கப்பம் கட்டணும்?" என்று கேட்டார். நானும்தான் கை தட்டினேன். இன்றைக்கு இதையே பசுமை வீடு என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, வண்ணப்படம் போட்டுப் பேசுகிறார்கள். எங்கள் அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பென்சிலால் வரைந்து முடித்துவிட்டார்.

சிமெண்டு அப்போது பர்மிட்டில்தான் கிடைக்கும். ஆகவே மழை வரும் திசையில் மட்டும் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு என்றார். மழை ஐப்பசி கார்த்திகையில் கிழக்கேயிருந்து வரும். மேற்கே ஜாலிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

"ஆனி ஆடியில மழை மேக்கேயிருந்துல்லா வரும், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஆனியில ஏது டீச்சர் மழை?"

"சாரல், அண்ணாச்சி."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். "நீங்க தென்காசிதானா? சாரலப் போயி மழைங்கிய!" என்றார் அவர்.

எங்கள் ஊர்ப் பெருமை அப்படி. மழை பெய்யும், சாரல் விழும். சாரலுக்குக் கடை சாத்த மாட்டார்கள், பள்ளிக்கூடம் லீவு விடாது. சாரலில் குடை பிடித்துப் போகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை புது மாப்பிள்ளை. அண்ணாச்சி வீட்டுக் குடை ஐப்பசி பிறந்தால்தான் பரணைவிட்டு இறங்கும்.

"பிள்ளைக்கு இழுப்பு இருக்கு, அண்ணாச்சி" என்றேன்.

"மூலிகைக் காத்து, டீச்சர். இழுப்பு சொல்லாம கொள்ளாம ஓடிரும்."

அத்தோடு அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் பேனாவை என் பக்கம் நீட்டினார். கை ஈரம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த தை மாதம் குடி போனோம். சும்மா சொல்லக் கூடாது, பங்குனி வரை வீடு எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. மகள் வேம்புக் கன்றுகளைச் சுற்றி ஓடினாள், மூச்சு வாங்கவில்லை. அண்ணாச்சியை நான் மனசாரக் கும்பிட்டேன். சித்திரையில் மலைக்காற்று விடுமுறை எடுத்துக்கொண்டது, விசிறிமட்டையால் வீசிக்கொண்டோம். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனியில் சாரல் வந்தது. ஜாலியின் பெயருக்கேற்ற மாதிரி ஜாலியாகவே வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் புகுந்து கட்டில், அரிசிப் பானை, பரீட்சைத் தாள் ஒன்றையும் விடாமல் விசாரித்தது. மகளுக்கு மூன்றாம் நாளே இழுப்பு கண்டது. இரண்டு கோணிச் சாக்கை எடுத்து ஜாலியை மூடினேன். வீடு இருண்டுபோனது, பட்டப்பகலில் மூன்று பல்பும் எரிந்தன. துணி காய வைக்கக் கரியடுப்பு மூட்டினேன். அந்தப் புகைக்கு அவள் இன்னும் இருமினாள். கரண்டை மிச்சம் பிடிக்க வந்த லட்சணம் இது.

வெளியே பார்த்தால் இருபத்தொன்பது வீட்டில் சாக்கு. ஆனால் யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அருமையான காத்து" என்பார்கள், தும்மிக்கொண்டே. தன் ஊர்ச் சாரல் தன்னையே நனைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனசு வரவில்லை. அண்ணாச்சி வீட்டில் சாக்கு இல்லை, தார்ப்பாய். தலைவர் அல்லவா!

ஆடியில், சிக்கனக் குடியிருப்பைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அண்ணாச்சி வீடு வீடாக வந்து சாக்கை எடுக்கச் சொன்னார். இருபத்தொன்பது வீட்டில் எடுத்தார்கள். என் மகளுக்கு அன்று படுக்கவே முடியவில்லை. நாற்காலியில் தலையணையைக் கட்டிப்பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அரை மணி நேரந்தான் டீச்சர். சங்கத்து மானம் போயிரும்."

"போவட்டும், அண்ணாச்சி. எம் பிள்ளைக்கு மூச்சு போவுது" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை அவரிடம் யாரும் கத்தியதில்லை.

ஜீப் வந்தது. அதிகாரி மழைக்கோட்டில் இறங்கினார். அண்ணாச்சி வழக்கம்போல வெறுந்தலையோடு பக்கத்தில் நடந்தார். வரிசையில் என் வீட்டுச் சாக்கு மட்டும் தனியாகத் தெரிந்தது. நேராக என் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"இந்த வீட்ல மட்டும் ஏம்மா சாக்கு போட்டிருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "சாரல்... அடிக்கு... சார்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவள் நெஞ்சு விசிலடித்தது.

அதிகாரி அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். "சாரல்னா என்ன?"

அண்ணாச்சி மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது, கண்ணாடி முழுக்க நீர். அதைக் கழற்றித் துடைக்கச் சட்டையில் காய்ந்த இடம் தேடினார், கிடைக்கவில்லை. துடைக்காமலே என் மகளைப் பார்த்தார். அவள் விலா ஏறி இறங்குவதை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மழைதான், சார்" என்றார்.

"மழைன்னா இந்தப் பக்கம் சன்ஷேடு எங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும், அத்தனை நாள் கோபத்துக்கு. அழுகைதான் வந்தது. அடுத்த பங்குனிக்குள் முப்பது வீட்டுக்கும் மேற்கே சன்ஷேடு வந்துவிட்டது, ஜாலிக்கு உள்பக்கம் மரக்கதவும். அடுத்து வந்த ஆடியில் மகள் இழுப்புக்காக ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

ஆனால் அது பிறகு. அன்று ஜீப் போனபின் அண்ணாச்சி என் வாசலிலேயே நின்றார். சாரல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. எதிரே அவர் வீடு, நடந்தால் இருபது அடி.

"டீச்சர், குடை இருக்கா?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். இருபத்தொன்பது வீடும் பார்த்துக்கொண்டிருக்க, விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்.