உப்புக்குள் இருந்த படகு

பழைய படகு வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எனக்கு எல்லாமே தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு படகிலும் ஏறியதில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த நோட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவருமாகத் தை மாதத்தில் ஒரு காலை மரக்காணம் போய் இறங்கினேன்.

படகைச் செய்தவர் ஆரோவில்லில் தச்சு வேலை பார்த்தவர். மிச்சம் விழுந்த பிளைவுட்டை வைத்து, இரண்டு பேர் உட்கார்ந்து பாய் கட்டி ஓட்டுகிற மாதிரி தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். கடலில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈசிஆர் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார்.

அவர் மனைவிக்கு உப்பளத்தில் கூலி வேலை. ஐப்பசியில் படகின் போட்டோவை ஒரு வாட்ஸப் குரூப்பில் பார்த்ததும் அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்குதாம், உப்பளத்துப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். படகு விற்றால் பெரிய கிரைண்டராக ஒன்று வாங்கி மாவு ஆட்டி விற்கலாம் என்றார். மழை முடிந்ததும் வருகிறேன், அதுவரைக்கும் மக்காமல் பார்த்துக்கோங்க என்றேன். மழையில் பைக் ஓட்ட எனக்குச் சோம்பல். வேறு காரணமில்லை.

உப்புப் பாத்தியின் சேற்றுத் தரையை மிதித்து இறுக்குகிற வேலையிலிருந்து அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு அக்கா வந்திருந்தார். முழங்கால்வரை சாம்பல் நிறச் சேறு. என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பொண்ணு பாக்க வந்தாப்பல இருக்குது. பாடச் சொல்லட்டுங்களா தம்பி?"

வீட்டுக்குப் பின்னால் கிடந்த படகின் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே விளிம்புவரை உப்பு. உப்பளத்தில் பெருக்கித் தள்ளுகிற அழுக்கு உப்பைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டியிருந்தார். நான் போன் செய்த மறுநாளே ஆரம்பித்தாராம். மழையில் கரையக் கரைய மேலும் போட்டாராம். மீனையே கெடாமல் வைக்கிறதை மரத்துக்குப் போட்டால் ஆகாதா என்றார்.

இரண்டு பேருமாக அள்ளி வெளியே போட்டோம். நோட்டில் எழுதியிருந்தபடி ஸ்க்ரூடிரைவர் பிடியால் முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கணீரென்று சத்தம். ஒரு இடத்திலும் மெத்தென்று இல்லை. மனசுக்குள் அப்போதே பாயை விரித்துவிட்டேன்.

பாய்மரம் நிற்கிற தகட்டில் ஒரு திருகாணியைத் திருகினேன். தலை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. பக்கப் பலகையும் அடிப்பலகையும் சேருகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, திருகாணிகளை மூடிப் பூசியிருந்த புட்டியைக் குத்தினால் சிவப்பாகத் துருப்பொடி கொட்டியது. உள்ளங்கையால் பலகையை லேசாகத் தள்ளினேன். ஒரு விரல் அகலத்துக்கு விலகி வெளிச்சம் வந்தது.

உப்பு இரும்பைத் தின்னும் என்பது அந்த அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடாமல் உப்பளத்துக்கு எடுத்துப் போக மாட்டாராம். ஆனால் புருஷன் பலகையில் இறக்கிய ஒவ்வொரு திருகாணியையும் புட்டி வைத்து மூடி, பெயிண்ட் அடித்து, உள்ளே இரும்பு இருப்பதே தெரியாமல் ஒரே மரமாகக் காட்டியிருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை.

எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாமா என்று யோசித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க தம்பி."

"மரம் நல்லா இருக்குதுக்கா. உள்ள இருக்குற ஸ்க்ரூவை எல்லாம் உப்பு தின்னுடுச்சு. தண்ணியில எறக்கினா பிரிஞ்சிடும்."

அவர் விலகின பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்கதானே மக்காம பாத்துக்கச் சொன்னீங்க."

கோபமே இல்லை அந்தக் குரலில். நல்ல தச்சர் யாராவது முழுசாகப் பிரித்து மறுபடி பூட்டலாம் என்று இழுத்தேன். சொல்லும்போதே அது வெறும் பேச்சு என்று தெரிந்தது. அதைச் செய்யத் தெரிந்த அவர் புருஷன் இப்போது இல்லை. வேறு ஆளை வைத்தால் கூலியே படகு விலையைத் தாண்டும். அடுப்புக்காவது ஆகுமா என்று கேட்டார். பெயிண்ட் புகை கண்ணுக்கு ஆகாதுக்கா என்றேன். அந்த ஒரு கேள்விக்கும் ஆகாது என்றுதான் சொன்னேன்.

பாத்திப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் தார்ப்பாயை இழுத்துப் படகை மூட ஆரம்பித்தார். இனிமேல் மூடி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கயிற்றை இறுக்கிக் கட்டினார். முந்தானையை நெற்றிக்கு மேல் குடை மாதிரி இழுத்துவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாத்தி மிதிக்கப் போய்விட்டார்.