கதிரை அறையில் ஒரு ஜிப்சம் கல்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்குப் பாதிச் சீவன் பாடத்தில் போகும், மீதி அறையைக் காப்பாற்றுவதில் போகும். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

தறப்பாள்

மல்லாவிப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஆய்வுகூடத்தோடு ஒட்டிய சின்ன அறையின் யன்னல்களுக்குத் தறப்பாள் கட்டி இருட்டாக்கியிருந்தேன். என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பனுக்கு ஆனையிறவு உப்பளத்தில் வேலை, அவர் அங்கிருந்து ஜிப்சம் கல்லொன்று கொண்டுவந்து தந்திருந்தார். கழியூதா, அதாவது UV, விளக்கைப் பிடித்தால் அது ஒளிரும். அதை வகுப்புக்குக் காட்ட எனக்குப் பெரிய ஆசை.

பள்ளிக்கூட அதிபர் வந்து இருட்டுக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தார். விழாவுக்கு வருகிறவர்கள் உட்காரும் கதிரைகளை அடுக்க இடம் தேடிக் களைத்த மனிதர். கல்வி வலயத்திலிருந்து ஆசிரிய ஆலோசகர் வந்து பார்த்துப் பிரயோசனம் என்றால் அறை எனக்கு, இல்லாவிட்டால் கதிரைகளுக்கு என்று முடிவாயிற்று. போகிற போக்கில் அதிபர் தறப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் கட்டியிருக்கிறியள் ரீச்சர். வெயில் படாட்டிப் பிளாஸ்ரிக் கதிரை வெடிக்காது."

கடைக்கார நானா

சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நானாவிடம் கள்ள நோட்டுப் பார்க்கிற விளக்கு இருந்தது. அதுவும் கழியூதாதான். இரவல் கேட்டேன். எதற்கு என்றார். மேசையில் கல்லை வைத்து, விளக்கைப் பிடித்துக் காட்டினேன். மங்கல் நீலமாக ஒளிர்ந்தது. நானா ஒரு நல்ல நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அங்கங்கே கோடுகள் மட்டும் மின்னின. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்காக உண்மையாகவே கவலைப்பட்டார், பாவம். "கொண்டு போங்கோ ரீச்சர். ஆனா சொல்லிப்போட்டன், இதுக்குக் கீழ முழுசா மினுங்கினா அது கள்ளச் சாமான்."

தோய்த்த சட்டை

வலயத்திலிருந்து ஆள் வந்தால் எல்லோரும் பளிச்சென்று தோய்த்த வெள்ளையில் நிற்க வேண்டும். அது அதிபரின் கட்டளை. ஆலோசகர் அம்மாவும் வெள்ளைச் சேலையில் வந்தா. கதவைச் சாத்தி விளக்கைப் போட்டேன்.

சலவைத்தூளில் வெள்ளையை எடுப்பாகக் காட்ட ஒரு பதார்த்தம் சேர்க்கிறார்கள். கழியூதா பட்டால் அது கல்லைவிடப் பல மடங்கு ஒளிரும். அறை முழுக்கச் சட்டைகளும் பாவாடைகளும் விளக்குப்போல ஒளிர்ந்தன. விளக்கைக் கல்லுக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன். பின்னால் நின்ற பிள்ளை கேட்டாள்: "கல்லு எங்க ரீச்சர்? அதிபர் சேரின்ர சேர்ட்டுத்தான் தெரியுது."

அணைப்பு

இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று அதிபரே கையை நீட்டி விளக்கை அணைத்தார். சட்டையும் சேலையும் அந்தக் கணமே இருண்டன. உடனொளிர்வு அப்படித்தான், விளக்கு இருக்கும் மட்டும்தான்.

மேசையில் கல் மட்டும் இளம்பச்சையாகக் கிடந்து, மெல்ல மெல்ல மங்கியது. இதற்கு நின்றொளிர்வு என்று பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆலோசகர் அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது: "சேர், இன்னொருக்காப் போட்டு நிப்பாட்டுங்கோ."

அறை எனக்கே மிஞ்சியது, ஆனாலும் எந்த விருந்தினர் வந்தாலும் விளக்கைப் போடுவது நானும் அணைப்பது அதிபருமாக, ஒரேயொரு கதிரையோடு அவர் அங்கே குடிவந்துவிட்டார்.