படகுத்துறை அக்கா தராத அனுமதி

அவர் பெயர் எனக்குத் தெரியாது. போட்டாதாங் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர். கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, ஆண்கள் கட்டுவதைப் போன்ற கட்டம் போட்ட லுங்கி. யார் எதைக் கேட்டாலும், ஆளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அப்போது நாங்கள் பத்துப் பேர் இணையத்தில் சேர்ந்து ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தோம். என் கதாநாயகியின் பெயருக்குப் பக்கத்தில் அவள் முகமாக, தூரத்திலிருந்து நான் எடுத்திருந்த இவருடைய படத்தைப் போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஒருத்தி மட்டும், "அவங்ககிட்ட கேட்டியா?" என்று எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் படத்தையும் அத்தியாயத்தையும் அச்செடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய், அவரிடம் நீட்டிச் சம்மதம் கேட்டேன்.

"நீயே படி, தங்கச்சி" என்றார்.

கணவன் விட்டுப் போனதும் அந்தப் பெண் அழுதுகொண்டே ஆற்றில் குதிப்பதுவரை படித்தேன்.

"என் புருஷனும்தான் விட்டுட்டுப் போனான். அன்னைக்கும் முதல் படகுக்கு நான்தான் இங்க நின்னேன். என் மூஞ்சிய வச்சு யாரையும் ஆத்துல தள்ளாதே."

"கதைதானே அக்கா? எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"அப்ப அவங்க மூஞ்சியப் போட்டுக்கச் சொல்லு."

"முடிவை மாத்திட்டா சம்மதிப்பீங்களா?"

"மாத்து. அப்பவும் மாட்டேன்னுதான் சொல்லுவேன்."

படத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றே லான்மடாவ் பகுதியில் ஒரு இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து படத்தை நீக்கினேன். கதையில் அந்தப் பெண்ணை ஆற்றங்கரையிலிருந்து திருப்பி வீட்டுக்கு நடக்கவிட்டேன். முடிவு சப்பென்று இருப்பதாக நண்பர்கள் எழுதினார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் வேறு யார் முகத்தையும் வைக்க எனக்கு மனம் வரவேயில்லை.